நான் குறித்துக் கொடுத்த திதி

கோயில் மண்டபத்துப் பின்னறை அலமாரியில், மேலிருந்து மூன்றாவது தட்டில், ஒரு நீலக் கோப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பை என்னிடமிருந்து ஏற்றுக்கொள்ளும் நீங்கள் மூன்று பேரும் மற்றக் கோப்புகளை உங்கள் விருப்பம்போல் எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கணப் பயிற்சி, கட்டுரை, பழைய கேள்வித்தாள் எல்லாவற்றையும் தூசு தட்டி அடுக்கி வைத்திருக்கிறேன். அந்த நீலக் கோப்பிலுள்ள சிறுகதையை மட்டும், இதைப் படித்து முடித்த பிறகு தொடுங்கள்.

நீங்கள் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவர்கள். நான் ஈப்போவை அடுத்த செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மூன்றாம் படிவத்தோடு நின்று, கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி மடித்தவள். இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகு, இதே பின்னறையில், இதே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து படித்துத்தான் எஸ்.பி.எம். பரீட்சையில் தமிழ் எழுதினேன். தேறியதும், அப்போது வகுப்பை நடத்திக்கொண்டிருந்த பெரியவர், "நீ நல்லா வாசிக்கிறம்மா, அடுத்த வருஷத்திலிருந்து நீயே எடு" என்றார். என் தகுதி அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடம் கரும்பலகை முன்னால் நின்றேன்.

நம் வகுப்புக்கு வருகிறவர்கள் பிள்ளைகள் அல்லர் என்பது உங்களுக்குத் தெரியும். பகலெல்லாம் பாதுகாவலர் வேலை பார்ப்பவர், லாரி ஓட்டுகிறவர், ஒரு சான்றிதழ் கிடைத்தால் மேற்பார்வையாளர் ஆகலாம் என்று நினைக்கிற தொழிற்சாலைப் பெண்கள். அவர்களுக்கு நேரம் கிடையாது. அதனால் பெரியவர் ஒரு வழி வைத்திருந்தார். எந்தக் கதையானாலும் பலகையில் நான்கு கட்டம் போடுவார். யார், என்ன நடந்தது, குணமும் குறையும், படிப்பினை. "கட்டம் காலியா இருந்தா மார்க்கும் காலி" என்பார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். பிள்ளையாரைக் கும்பிட்டு, ஒரு தேவாரம் பாடி, நான்கு கட்டம் போட்டு, நான்கையும் நிரப்பி, திருச்சிற்றம்பலம் சொல்லி முடிப்பேன். ஒரு ஞாயிறுகூடக் கட்டம் காலியாக இருந்ததில்லை. அதில் எனக்குப் பெருமை.

லாரி ஓட்டும் தேவா ஒருமுறை கேட்டான்: "டீச்சர், சில கதையில படிப்பினையே இல்லையே, என்ன செய்றது?"

"தேடு, கிடைக்கும்."

"எங்க வீட்டுக்காரியும் இதத்தான் சொல்றா, என் சட்டைப்பையைப் பாத்து."

இப்படிச் சிரிப்பும் கேலியுமாகத்தான் வகுப்பு நடக்கும். அதையும் சொல்ல வேண்டும். நாங்கள் நல்லவர்களாகத்தான் இருந்தோம்.

மாணிக்கம் அண்ணன் வகுப்புக்கு வந்தது சில வருடங்களுக்கு முன்பு. பர்மாத் தமிழர். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். கோயிலுக்கு எதிர்ச்சாரியில் உள்ள சாப்பாட்டுக் கடையில் சமையல்கட்டு வேலை. கையில் அகதி அட்டை மட்டும்தான், அடையாள அட்டை கிடையாது, அதனால் பரீட்சை எழுத முடியாது. ஆனாலும் ஞாயிறு காலை வெங்காயம் நறுக்கி முடித்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கடைசி நாற்காலியில் வந்து உட்காருவார். அவர் ஊர்க் கோயிலில் சின்ன வயதில் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தார்களாம். "மறந்துடக் கூடாதுல்ல டீச்சரம்மா, அதான்" என்பார். வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று, தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். அவர் வாசித்தால் தேவாகூட வாயை மூடிக்கொண்டிருப்பான்.

அவர் ஊரில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த பிறகு மனைவியும் மகளும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு மகன் இருக்கிறான் என்பதும் தெரியும். அவனைப் பற்றி அவர் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

நீலக் கோப்புக் கதை பரீட்சைப் பாடம் அல்ல. பயிற்சிக்காக எப்போதோ யாரோ நகலெடுத்து வைத்தது. பெயரில்லாத ஒரு நாட்டில், ஒரு தளபதி ஆட்சி செய்கிறான். பேருந்துக்குக் காத்திருந்த ஒரு மகனைச் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவன் தாய் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய்ச் சிறை வாசலில் வரிசையில் நிற்கிறாள். காவலாளி சட்டியை வாங்கிக்கொள்வான். அடுத்த வாரம் காலிச் சட்டி திரும்பி வரும். மகனைப் பற்றிக் கேட்டால் "பொறு" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு பதில் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை சட்டி காலியாக வரவில்லை. போன வாரச் சோறு தொடாமல் அப்படியே புளித்துப்போய்க் கனத்தோடு திரும்பி வருகிறது. அவள் வீட்டுக்குப் போய்ச் சட்டியைக் கழுவி, மறுபடியும் சோறு வைத்துக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை வரிசையில் நிற்கிறாள். கதை அதோடு முடிகிறது.

அதை மாணிக்கம் அண்ணனை வாசிக்கச் சொன்னேன். எதற்கு அவரைச் சொன்னேன் என்று இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். நன்றாக வாசிப்பார் என்பதற்காகத்தான். வேறு காரணம் இல்லை.

சட்டி கனத்தோடு திரும்பி வந்த இடத்துக்கு அடுத்து ஒரு வரி வரும். "வாசலை விட்டுத் திரும்பி நடந்தவர்களின் தோள்களெல்லாம் அன்று ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன." அவர் அதை வாசித்தார். நின்றார். மறுபடியும் வாசித்தார்.

"டீச்சரம்மா, எல்லாருக்குமா?"

"அது வருணனை அண்ணே. பரீட்சைக்கு வராது. மேலே போங்க."

"அண்ணன்தான் பரீட்சையே எழுதப் போறதில்லையே" என்றான் தேவா. "அவருக்கு எல்லா வரியும் வரும் லா, டீச்சர்."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டு மேலே வாசித்தார்.

பிறகு நான் கட்டங்களை நிரப்பினேன். என்ன நடந்தது என்ற கட்டத்தில், "மகன் சிறையில் இறந்துவிட்டான். ஆதாரம்: உணவு தொடப்படாமல் திரும்பியது" என்று எழுதினேன்.

தொழிற்சாலையில் வேலை செய்யும் வசந்தி கையைத் தூக்கினாள். "எழுதினவர் அப்படிச் சொல்லவே இல்லையே, டீச்சர்?"

"சொல்லாம சொல்றதுதான் கதை வசந்தி."

அப்படி ஒரு பதில் எனக்கு அந்த நேரத்தில் வாயில் வந்ததே என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன். தாயின் குறை என்ற கட்டத்தில், "உண்மையை ஏற்க மறுக்கிறாள்" என்று எழுதினேன். படிப்பினை: "நடந்ததை ஏற்றுக்கொண்டு இறைவனிடம் ஒப்படைக்க வேண்டும்." நான்கும் நிரம்பின. திருச்சிற்றம்பலம் சொன்னோம்.

எல்லோரும் போன பிறகு மாணிக்கம் அண்ணன் நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தார். கடைசி நாற்காலியை மடக்காமல் அதில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"எம் பையன் சரவணனும் உள்ளதான் இருக்கான் டீச்சரம்மா. கூட்டத்தோட தெருவுல நின்னான்னு ஏத்திட்டுப் போயிட்டாங்க. எட்டு மாசமாச்சு. எம் பொஞ்சாதி பாக்கியம் வாராவாரம் வெள்ளிக்கிழமை மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் குடுக்கும். சோறு, கருவாடு, சோப்பு. வாங்கிக்குவாங்க. அவன் இருக்கானா இல்லையான்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. வாங்கிக்கிட்டா இருக்கான்னு நாங்களா நெனச்சுக்குவோம். ரெண்டு வாரமா மூட்டை திரும்பி வந்துருச்சு."

பலகையில் நான் எழுதியது அப்போதும் அப்படியே இருந்தது. அவர் அதை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். துடைத்திருக்கலாம். துடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிகிற நேரத்தில் அவர் கைப்பேசியோடு வந்தார். அங்கே எப்போது தொடர்பு கிடைக்கும், எப்போது அறுந்துபோகும் என்று யாருக்கும் தெரியாது. கிடைத்தபோது பேச வேண்டும். மூன்றாவது வாரமும் மூட்டை திரும்பி வந்துவிட்டதாம். "நீங்க ஒரு வார்த்தை பேசுங்க டீச்சரம்மா, நான் சொன்னா அது கேக்காது" என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

பாக்கியம் அம்மாவின் முகத்தை நான் பார்த்ததில்லை. குரலை மட்டும்தான் கேட்டேன்.

"டீச்சரம்மாவா? இவரு சொன்னாரு, நீங்க இந்த மாதிரி ஒரு கதையே பாடமா நடத்துறீங்கன்னு. அந்தப் பையன் செத்துட்டான்னு சொன்னீங்களாமே?"

"ஆமாம்மா. ஆனா அது கதை..."

"கதையின்னாலும் நடந்ததைத்தானே எழுதுவாங்க?" என்று கேட்டுவிட்டு, அவராகவே தொடர்ந்தார். "இப்ப வாசல்ல நிக்கிறவங்க பேரையெல்லாம் எழுதுறாங்க. போட்டோ புடிக்கிறாங்க. பக்கத்துத் தெருவுல ஒரு பொம்பளையை அப்படித்தான் புடிச்சுட்டுப் போனாங்க. எனக்குப் பதினஞ்சு வயசுல பொண்ணு இருக்கு. என்னைப் புடிச்சுட்டா இவளுக்கு யாரு இருக்கா? போகவும் பயமா இருக்கு, போகாம இருக்கவும் முடியல. நீங்க படிச்சவங்க. சொல்லுங்கம்மா, நான் போகவா வேண்டாமா?"

இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து யாரும் என்னைப் படித்தவள் என்று சொன்னதில்லை. முதல்முறையாக ஒருவர் சொன்னார், அதுவும் இந்தக் கேள்விக்காக.

நான் யோசிக்காமல் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். யோசித்தேன். அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணை நினைத்தேன். இறந்தவனுக்கு எள்ளும் தண்ணீரும் விடாவிட்டால் அந்த ஆத்மா தாகத்தோடு அலையும் என்று என் தாய் சொல்லி வளர்த்ததை நினைத்தேன். அந்த அம்மாவை எப்படியாவது அந்த வாசலிலிருந்து இழுத்து வீட்டுக்குள் விட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். ஒன்றை மட்டும் நினைக்கவில்லை. "உங்க மூட்டை மட்டும்தான் திரும்பி வந்துச்சா, இல்ல எல்லாருக்குமா?" என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அந்த ஒரு நொடியில் பதில் வந்திருக்கும். அவர் அங்கே வரிசையில் நின்றவர்தானே?

"நிறுத்திடுங்கம்மா" என்றேன். "பிள்ளை போயிட்டான். போன பிள்ளைக்குச் செய்ய வேண்டியதை இங்க நாங்க செய்யறோம். இருக்கற பிள்ளையை நீங்க பாருங்க."

"நீங்க சொன்னா சரிம்மா" என்றார். பிறகு, "இந்த வாரத்துக்குன்னு கருவாடு வாங்கி வச்சிருக்கேன். அத என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார்.

கைப்பேசியை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன்.

கோயில் குருக்களிடம் நானே போய்ப் பேசினேன். உடல் இல்லாமல் காரியம் செய்ய வேண்டுமென்றால் தர்ப்பையில் உருவம் செய்து செய்யலாம் என்றார். ஆனால் தயங்கினார்.

"காணாமப் போனவங்கன்னா பல வருஷம் பொறுத்துத்தான் செய்யணும்மா. செத்தது நிச்சயம்னாதான் உடனே செய்யலாம். நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும் சாமி."

"எந்த நாள்னு தெரியுமா? தெரியாட்டிப் பரவாயில்லை, அமாவாசையில கொடுத்துட்டுப் போகலாம். நாள் தெரியாதவங்களுக்கு அதான் வழி."

அவர் ஒரு வழியைத் திறந்து வைத்தார். நாள் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். எனக்குத்தான் காலிக் கட்டம் பார்த்தால் பொறுக்காதே. அங்கே சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியை எடுத்துத் தாளைப் பின்னால் தள்ளிக்கொண்டே போய், மூட்டை முதல்முறை திரும்பி வந்த வெள்ளிக்கிழமையைக் கண்டுபிடித்து விரலை வைத்தேன். அன்று தேய்பிறை நவமி. குருக்கள் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். வருடாவருடம் திதிக்கு ஒரு வாரம் முன்னால் யாருக்குத் தெரிவிப்பது என்று கேட்டார். மாணிக்கம் அண்ணனின் எண் அடிக்கடி மாறும் என்பதால் என் கைப்பேசி எண்ணைக் கொடுத்தேன்.

சரவணனின் படத்துக்குச் சட்டம் போடக் கொடுத்த கடையில் இருந்த சீனப் பெண், பிறந்த தேதி இருக்கிறது, பக்கத்தில் இறந்த தேதிக்கு இடம் விட்டிருக்கிறேன், என்ன எழுதட்டும் என்று மலாயில் கேட்டாள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான்தான் அந்தத் தேதியைச் சொன்னேன். அவள் எழுதியதை எழுத்துப் பிழை இருக்கிறதா என்று சரிபார்த்தும் கொடுத்தேன்.

தேவா தன் முதலாளி தவ்கேயிடம் சொல்லி வேன் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். கிந்தா ஆற்றங்கரையில் காரியம் நடந்தது. வகுப்பே வந்திருந்தது. அண்ணனுக்கு மொட்டையடித்தார்கள். மகனுக்கு அப்பன் செய்கிற காரியம் அது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தர்ப்பை உருவத்தை எரித்து, சாம்பலை ஆற்றில் விட்டபோது, அவர் தண்ணீரில் இடுப்பளவு நின்று திரும்பி என்னைக் கேட்டார்: "போதுமா டீச்சரம்மா? வரலாமா?"

"வாங்க அண்ணே" என்றேன்.

ஐந்து மாதம் கழித்து, பாரிட் புந்தாரில் ஒரு அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒருவரிடமிருந்து அண்ணனுக்குச் செய்தி வந்தது. அவரும் பர்மாத் தமிழர். சிறையிலிருந்து விடுதலையாகி, எல்லை தாண்டித் தாய்லாந்து வழியாக வந்தவர். சரவணனோடு ஒரே கட்டடத்தில் இருந்தாராம். தேவாவின் வேனில் மூன்று பேரும் போனோம். மகன் கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனோம்.

ஆலைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அந்த மனிதர் எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். காரியத்துக்குப் பிறகு அண்ணன் முடியை வளர விடாமல் தலையை மொட்டையாகவே வைத்திருந்தார். அதைப் பார்த்து, "ஐயாவுக்கு என்ன வேண்டுதலா?" என்று கேட்டார்.

பதிலுக்குக் காத்திராமல் அவரே பேச ஆரம்பித்தார்.

"கடைசியா நாங்க ஒண்ணா இருந்தப்ப ஒரு மாசம் எங்க கட்டடம் முழுக்கத் தண்டனைங்க. எவனோ செவுத்துல எழுதிட்டான்னு. நாலு வாரம் ஒருத்தருக்கும் வெளிச் சாப்பாடு உள்ள விடல. வாசல்ல நின்ன அத்தனை பேரு மூட்டையும் திரும்பிப் போச்சு. அஞ்சாவது வாரம் விட்டுட்டாங்க. மூட்டை வந்தவங்க பேரை வெள்ளிக்கிழமை கூப்புடுவாங்க. சரவணன் எந்திரிச்சு முன்னால போய் நின்னான். அவன் பேரைக் கூப்புடல."

"உயிரோடயா?" என்று கேட்டது தேவா.

அந்த மனிதர் அவனைப் புரியாமல் பார்த்தார். "உயிரோடதான். நல்லாத்தான் இருந்தான். அடுத்த வாரமும் போய் நின்னான். அம்மாவுக்கு ஒடம்பு முடியல போலன்னான். அதுக்கடுத்த வாரம் போகல. அம்மாவையும் புடிச்சுட்டாங்கன்னு முடிவே பண்ணிட்டான். எம்புட்டுச் சொன்னாலும் கேக்கல. எங்கம்மா வராம இருக்காது, செத்தாலும் வரும்னான்."

தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"விசாரணைக்காரங்க பல மாசமா அவங்கிட்ட ஒரு காகிதத்த நீட்டிக்கிட்டு இருந்தாங்க. குண்டு வச்சேன்னு ஒத்துக்கச் சொல்லி. அடிச்சாங்க, ஒத்துக்கல. அந்த வாரம் அவனாவே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டான். எங்கம்மாவை விட்டுடுங்கன்னு சொல்லிப் போட்டான். மறுநாள் ஏத்திட்டுப் போயிட்டாங்க. எங்கன்னு தெரியாது. கையெழுத்துப் போட்டவங்க யாரும் திரும்பி வந்து நான் பாக்கல."

நான் அங்கே என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. முருகா முருகா என்று வாய்விட்டுச் சொன்னேன் என்று தேவா பிறகு சொன்னான். "டீச்சர், வேனுக்கு வாங்க" என்று அவன்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான்.

ஈப்போவுக்குத் திரும்பி வரும்போது மாணிக்கம் அண்ணன் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். செமோர் தாண்டியதும், தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"டீச்சரம்மா. அன்னிக்கு வாசிக்கறப்ப நான் கேட்டேன்ல, எல்லாருக்குமான்னு?"

"கேட்டீங்க அண்ணே."

"ஆமா. கேட்டேன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் என்னைச் சொன்னதில்லை. நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டபோதுகூட, "நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஓர் ஓரமாக உட்கார இடம் கிடைத்திருக்கும்.

பாக்கியம் அம்மா மறுபடியும் வாசலுக்குப் போனார். அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை என்று சொல்லி மூட்டையைக் கையில் வாங்காமலேயே திருப்பி அனுப்பினார்கள். வேறு எந்தச் சிறை என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இருந்தும் வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறாராம். இப்போது மகளையும் கூட்டிக்கொண்டு போகிறார். எந்த மகளைக் காப்பாற்றுவதற்காக நான் அவரை வீட்டுக்குள் இருக்கச் சொன்னேனோ, அந்த மகளும் இப்போது அந்த வரிசையில் நிற்கிறாள்.

மாணிக்கம் அண்ணன் அதன் பிறகு வகுப்புக்கு வரவில்லை. எதிர்க்கடையில்தான் இருக்கிறார். நான் போனால் தேநீர் கொண்டுவந்து வைப்பார். ஒருமுறை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகச் சாப்பாடு தாப்பாவ் வாங்கக் கடையின் பின்கட்டுப் பக்கம் போனபோது, அவர் படுக்கிற மூலையில் அந்தப் படம் மாட்டியிருந்ததைப் பார்த்தேன். மாலையைக் கழற்றியிருந்தார். நான் சரிபார்த்துக் கொடுத்த தேதியின் மேல் கறுப்பு ஒட்டுத்தாளை ஒட்டியிருந்தார். பிறந்த தேதி மட்டும் தெரிந்தது.

அன்று மண்டபத்துப் பின்னறைக்குப் போய் நீலக் கோப்பை எடுத்துக் கதையை மறுபடியும் படித்தேன். தோள்கள் சாய்ந்திருந்தன என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் "வருணனை" என்று எழுதி, ஒரு கோடும் போட்டு வைத்திருந்தேன். பல வருடங்களுக்கு முன்பே. ஒவ்வொரு வருடமும் மாணவர்களிடம் அந்த வரியைத் தாண்டிப் போகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையை எழுதியவர் யாரோ, அவர் அந்த நாட்டில் என்ன பார்த்தாரோ, எனக்குத் தெரியாது. அன்று எல்லாருடைய சட்டியும் கனத்தோடு திரும்பியது என்பதை அவர் அந்த ஒரு வரியில்தான் வைத்திருந்தார். வெங்காயம் நறுக்கிவிட்டு வந்த மனிதருக்கு அது கண்ணில் பட்டது.

உங்களுக்கு என்ன சொல்வது? இந்த இடத்தில் நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லி முடிக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். கதையைக் கவனமாகப் படியுங்கள், எந்த வரியையும் தாண்டாதீர்கள், கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன் அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள் என்றெல்லாம் எழுதலாம். எழுதிப் பார்த்தேன். எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பிள்ளை கையெழுத்துப் போட்ட காகிதம் எங்கோ ஒரு அலமாரியில் இருக்கிறது. நான் இங்கே எதைக் கற்றுக்கொண்டாலும் அந்தக் காகிதத்தில் ஒரு எழுத்து மாறாது. படிப்பினை என்ற நான்காவது கட்டத்தில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை. நீங்களும் இதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், நிரப்பாதீர்கள்.

நான் கோயிலுக்குப் போவதை விடவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கும் ஏற்றுகிறேன். விளக்கு முன்னால் நின்று என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. அவன் இருந்தால் காப்பாற்று, இல்லாவிட்டால் நல்ல கதி கொடு என்று ஒரே மூச்சில் இரண்டையும் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் பேர் மட்டும் சொல்கிறேன். சரவணன். அதோடு நின்றுவிடுகிறேன்.

போன வாரம் குருக்கள் தொலைபேசியில் அழைத்தார். அவர் நோட்டில் என் எண்தானே இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஒரு வாரம் முன்னால் அழைத்துவிடுவார்.

"டீச்சர், அந்தப் பர்மாப் பையனுக்கு நவமி திதி வருதும்மா. சங்கல்பத்துல பேர் சொல்லவா, வேண்டாமா? இல்ல, நோட்டிலிருந்தே அடிச்சுடட்டுமா?"

அவர் காத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் யாரோ மணியடிப்பது கேட்டது.

"கொஞ்சம் பொறுங்க சாமி" என்றேன். மூன்று வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.